தலைக்கு மேலே பறப்பது எதற்காக?

திருவண்ணாமலைக் கோயிலின் ராஜகோபுரம் 217 அடி உயரம். மத்திய சர்க்காரின் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2017 ஏப்ரலில் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. ஆகாயத்திலிருந்தபடியே நிலத்தின் வயிற்றைப் படம் பிடிக்கும் திட்டம் அது. ஆய்வு விமானம் தரையிலிருந்து 80 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும். 300 மீட்டருக்கு ஒரு கோடாக, உழவன் படைச்சால் போடுவதைப் போல வரிசை வரிசையாகப் போய்வர வேண்டும் என்பது அதன் விதி. 80 மீட்டர் என்றால் 262 அடி. கோபுரக் கலசத்துக்கு மேலே ஒரு தென்னை மரத்தை நட்டு வைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான்!

ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த மூன்று ஊராட்சிகள் இருக்கின்றன: புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. சாமையும் புளியும் பலாவும் தேனும் கடுக்காயுமாகப் பிழைப்பு நடத்தும் மலைவாழ் மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். நெல்லிவாசல்நாட்டில் ஒரு தாய் சாமைக் கதிரை அறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கோபுர உயரத்தில், வயிற்றின் கீழே ஒரு பெரிய வளையத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு ஹெலிகாப்டர் வருகிறது. போகிறது, திரும்ப வருகிறது. மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. குழந்தை அலறுகிறது. அந்தத் தாய் யாரைப் போய்க் கேட்பாள்? ஊராட்சித் தலைவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. கிராம நிர்வாக அதிகாரியைக் கேட்டால், ‘மேலிடத்து விவகாரம்’ என்பார். மேலிடம் என்பது இந்த விஷயத்தில் உண்மையாகவே மேலேதான் இருக்கிறது!

அது எதைத் தேடுகிறது என்பதை நாமாவது சொல்லிவிடுவோம். இதிலே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பாறைகளின் காந்த சக்தியை அளக்கும் கருவி ஒன்று அதில் இருக்கும். மண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்களை வாங்கி, பொட்டாசியம், தோரியம், யுரேனியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கருவி இன்னொன்று. இந்தக் கதிர்கள் சுமார் ஒரு முழ ஆழத்துக்குள் இருக்கும் மேல்மண்ணிலிருந்துதான் வெளியே வரும். காற்றில் கொஞ்ச தூரம் போவதற்குள் தேய்ந்துவிடும். ஆகவேதான் தாழப் பறக்க வேண்டியிருக்கிறது. வளையம் தொங்கினால், அது மின்காந்த அலையைப் பூமிக்குள் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது என்று அர்த்தம். உலோகத் தாது இருந்தால் ஒரு மாதிரி ஒலிக்கும். தண்ணீர் இருந்தால் வேறு மாதிரி ஒலிக்கும். இதனால் ஆளுக்கோ ஆட்டுக்கோ நோய் வராது. அப்படி யாராவது பீதி கிளப்பினால் நம்ப வேண்டாம்.

இந்த வேலை புதிதும் அல்ல. 1967-68ஆம் ஆண்டுகளிலேயே அமெரிக்க உதவியுடன் ‘ஆபரேஷன் ஹார்ட் ராக்’ என்ற பெயரில் ஆந்திரத்திலும் ராஜஸ்தானத்திலும் பீகாரிலும் விமானங்கள் பறந்து தாதுவைத் தேடின. விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகளல்லர். இதே ஜவ்வாது மலையில் காவலூரில், 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அது வானத்தைப் பார்க்கிறது. யாருடைய கொல்லையையும் பார்ப்பதில்லை. நம் கடலூர்ப் பக்கத்திலேயே, கீழ் வெள்ளாற்றுப் படுகையில், ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் டென்மார்க் நாட்டுக் கருவியை ஹெலிகாப்டரில் கட்டிப் பறந்து நிலத்தடி நீரைத் தேடியிருக்கிறார்கள். வரவேற்கத்தக்க வேலை. மலைக்கும் அதே வளையத்தைக் கொண்டுவந்து, கோடையில் எங்கே கிணறு தோண்டலாம் என்று சொன்னால் மாலை போட்டு வரவேற்க மாட்டார்களா?

ஆனால் வளையம் யாருடைய தாகத்துக்காகத் தொங்குகிறது என்பதுதான் பிரச்சினை.

இந்த வட்டாரத்துப் பாறைகளைப் பற்றிப் புவியியல் அறிஞர்கள் வெகுகாலமாக எழுதி வருகிறார்கள். திருப்பத்தூருக்குப் பக்கத்துச் செவ்வத்தூர், ஊத்தங்கரைப் பக்கத்துச் சாமல்பட்டி ஆகிய இடங்களின் அபூர்வப் பாறைகள் அவர்களுக்குப் பழகிய பெயர்கள். அரூர் - ஊத்தங்கரை வட்டாரத்தில் மாலிப்டினம் தாது இருப்பதையும் ஆய்வுத்துறை கண்டிருக்கிறது. 2023இல் பார்லிமெண்டு சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, 24 கனிமங்களை ‘முக்கியமானவை’ என்று பட்டியலிட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய சர்க்கார் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. மாலிப்டினமும் டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் உண்டு. தனியார் கம்பெனிகளும் தாது தேட லைசென்ஸ் பெறலாம். அவர்கள் தேடிய இடம் பின்னால் ஏலம் போனால் ஏலப் பணத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அதே 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தையும் திருத்தினார்கள். காட்டுக்குள் நடக்கும் தாது ஆய்வை, மத்திய சர்க்கார் விதிக்கும் நிபந்தனைகளின்படி, காடு சாராத காரியமாகக் கருத வேண்டியதில்லை என்று வழி திறந்தார்கள். விறகு பொறுக்கப் போகிறவளைக் காட்டில் மறித்து விசாரிக்கும் நாட்டில், துளைபோடும் யந்திரத்துக்கு இத்தனை மரியாதை!

தேடிக் கிடைத்த விவரங்களோ, 2023 டிசம்பரில் திறந்த தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்தில் சேர்கின்றன. இங்கிலீஷ் தெரிந்த, நிபுணர்களை வைத்திருக்கிற எந்தக் கம்பெனியும் அவற்றைப் படித்துக்கொள்ளலாம். நெல்லிவாசல்நாட்டுக்காரனுக்குத் தன் காலடியில் கிடப்பது என்னவென்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டு வராது.

இதன் முடிவு எங்கே போகும் என்பதை மேலூர் நமக்குக் காட்டிவிட்டது. மதுரை ஜில்லா நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு ஏலத்தில் முடித்தார்கள். சுமார் 2,015 ஹெக்டேர் நிலம். 2022இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமென்று அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்த எல்லையில் அகப்பட்டது. ஆய்வு முடிந்து, அறிக்கை முடிந்து, ஏலமும் முடிந்த பிறகுதான் ஊர் விழித்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9இல் சட்டசபை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7இல் மேலூரிலிருந்து மதுரைக்கு ஜனங்கள் வெள்ளமாக நடந்தார்கள். ஜனவரி 23இல் ஏலம் ரத்தாயிற்று. வெற்றிதான்; மறுக்கவில்லை. ஆனால் மேலூருக்கு நெடுஞ்சாலை இருக்கிறது, சந்தை இருக்கிறது, கடையடைக்க ஆயிரம் கடை இருக்கிறது. மலைமேல் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள் எந்தச் சாலையில் ஊர்வலம் போகும்?

அதற்குப் பிறகும் டில்லி பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் இலாகா ஒரு குறிப்பாணை போட்டு, அணுக் கனிமங்களுக்கும் முக்கிய கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களைப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கியது. தமிழ்நாடு சர்க்கார் ஆட்சேபித்தது. பறக்கும்போதும் கேட்பதில்லை, தோண்டும்போதும் கேட்பதில்லை என்றால் பிறகு கேட்பதற்கு எந்தக் கட்டந்தான் மிச்சம்?

‘மாவட்டக் கனிம நிதி இருக்கிறதே, சுரங்கம் வந்தால் பணம் வருமே’ என்று சொல்கிற புத்திசாலிகள் உண்டு. ஏலத்தில் போன சுரங்கம் அந்த நிதிக்குத் தர வேண்டியது ராயல்டியில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் ஜில்லா தலைநகரில் கமிட்டி கூடிச் செலவிடும் பணம். காட்டுச் செல்வம் மலைக்காரனுக்கு என்ன தந்தது என்பதற்கு ஜவ்வாது மலை வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டு மாண்ட 20 தமிழர்களில் இந்த மலையிலிருந்து கூலிக்குப் போனவர்களும் இருந்தார்கள். செம்மரம் யாருக்கோ லாபம். பிணம் மட்டும் மலைக்கு வந்தது.

சட்டம் முழுக்கக் கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல மாட்டோம். தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகையால் பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் ஜவ்வாது மலைக்குப் பொருந்தாது. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்துக்கு அந்த வேலி கிடையாது. ஒடிசாவில் நியமகிரி மலையை வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்துக்குக் கொடுப்பதா என்ற வழக்கில், 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், கிராம சபைகளைக் கேள் என்றது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. சுரங்கம் வரவில்லை. தமிழ்நாட்டிலோ ஹைகோர்ட் தடையால் 2016 வரை வன உரிமைப் பட்டாவே வழங்க முடியாமல் கிடந்தது. உரிமை பதிவாகாத மலையில் கிராம சபையின் வாய்க்குப் பலம் குறைவு. ஹெலிகாப்டர் வருவதற்கு முன் பட்டா வந்து சேர வேண்டும் என்று நாம் அவசரப்படுவது இதனால்தான். மலையில் நிலுவையில் உள்ள தனிநபர் மனுக்களையும், கிராமத்துக்குப் பொதுவான வன உரிமை மனுக்களையும் எடுத்து முடிக்கக் கலெக்டருக்கு டில்லியின் உத்தரவு தேவையில்லை.

பறப்பதைத் தடுக்கச் சொல்லவில்லை நாம். எந்தத் தேதியில் பறக்கும், யாருடைய விமானம், தேடுவது தண்ணீரா தாதுவா, கண்டதை எங்கே வைப்பார்கள் என்ற நான்கு விவரங்களைத் தமிழில் அச்சிட்டு முன்கூட்டியே கிராம சபையில் படிக்கச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆய்வுக்கான விமானத்தை அமர்த்த மாதக்கணக்கில் பைல் நகர்த்துகிற இலாகாவுக்கு, இந்த ஆறில் ஒரு நாள் நெல்லிவாசல்நாடு வரை ஒரு ஜீப்பை அனுப்புவது முடியாத காரியமா?