பழசு மாதிரி!

போர்டில் 'செய்யாறு' என்று எழுதியிருக்கும். கண்டக்டர் 'செய்யார், செய்யார்' என்றுதான் கூவுவார். அந்த ஊரிலிருந்து கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணிக்குப் போகிற குடும்பத்தைக் கடையில் கவனித்துப் பாருங்கள். முந்தானையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். ஜரிகையை நகத்தால் சுரண்டுவார்கள். "கைத்தறியா, பவர்லூமா? உண்மையைச் சொல்லுங்க" என்று மூன்று தடவை கேட்பார்கள். கூட வந்த பாட்டி ஓரத்து நூலை உருவிக் கொளுத்தி மோந்து பார்ப்பாள். முடி கருகின வாசனை வந்தால் பட்டு. 'சில்க் மார்க்' முத்திரை 2004-ல்தான் வந்தது. பாட்டியின் மூக்கு அதற்கு ரொம்ப சீனியர்!

இப்பேர்ப்பட்ட குடும்பம் டிசம்பர் வந்தால் ஆன்லைனில் 'வின்டேஜ் கிறிஸ்துமஸ் ட்ரீ'க்கு ஆர்டர் கொடுக்கிறது. கூடவே 'வின்டேஜ் லைட்'. கிறிஸ்தவ வீடுகள் மட்டுமில்லை, குழந்தைகள் இருக்கிற எல்லா வீட்டிலும் இப்போது இது சகஜம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. புடவைக்குக் கேட்ட கேள்வியில் ஒன்றைக்கூட இதற்குக் கேட்பதில்லையே, அதுதான் வயிற்றெரிச்சல்.

வந்து இறங்குவது என்ன? பிளாஸ்டிக் இலை. நுனியில் வெள்ளை பெயின்ட், பனியாம். காபி கலர் கண்ணாடிக்குள் எல்.இ.டி.யை வைத்து, அந்தக் காலத்து இழை பல்ப் மாதிரி நடிக்கவிட்டிருப்பார்கள். போன வருஷம் சீனாவில் செய்தது, பார்ப்பதற்கு மட்டும் எழுபது வயசு. பவர்லூம் புடவையைக் கைத்தறி என்று விற்றால் சண்டைக்குப் போகிறோம். எந்தெந்த ரகத்தைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ல் சட்டமே போட்டார்கள். பழசு மாதிரி நடிக்கிற பிளாஸ்டிக்குக்கு மட்டும் கேள்வி கிடையாது.

சரி, யாருடைய பழசு இது? 1882-ல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் 80 மின் பல்புகளை மாட்டிச் சுழலவிட்டார். 1959 வாக்கில் அமெரிக்கக் கடைகளுக்கு அலுமினிய மரம் வந்தது. அவர்கள் பேரன் பேத்திகள் அதைப் பரணிலிருந்து இறக்கிக் கண்கலங்கட்டும், நியாயம் உண்டு. நம்ம வீட்டுப் பரணில் இருந்தது வேறு.

நம்ம மரம் சவுக்கு. ஒரு கிளையை வெட்டி வந்து, காலி மண்ணெண்ணெய் டின்னில் ஈர மணல் ரொப்பி நட்டு, டின்னைச் சுற்றிக் கலர் பேப்பர். பனிக்கு மெடிக்கல் ஷாப் பஞ்சு. ஜொலிப்புக்கு சிகரெட் பெட்டித் தகடு. (அப்பா சிகரெட் பிடிப்பதில் குழந்தைகளுக்கு இருந்த ஒரே லாபம்!) போன வருஷத்து வாழ்த்து அட்டைகளை நூலில் கோத்துத் தொங்கவிடுவது. சவுக்கு பைன் ஜாதியே இல்லை. ஊசி இலை என்று நினைக்கிறோமே, அது உண்மையில் மெல்லிய கிளை. இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும். ஆனால் மாலை வெளிச்சத்தில் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் விண்ட்ஸர் அரண்மனை மரம் தோற்றுப்போகும்.

விளக்கு? எலெக்ட்ரீஷியன் கையால் கட்டின சீரியல் செட். 6 வோல்ட் பல்ப் முப்பத்தெட்டு, நாற்பது வரிசையாகப் பற்றவைத்தால் 230 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று போனால் மொத்தமும் அவுட். எது போச்சு என்று தேடுவதில் பாதி ராத்திரி போகும், வீடே கூடி நிற்கும். வாசலில் மூங்கில் தப்பையை வளைத்து, மைதாப் பசையில் பட்டம் விடுகிற பேப்பர் ஒட்டி, உள்ளே ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்ப் போட்ட நட்சத்திரம். ஒரு கால் நீளமாக, ஒரு கால் குட்டையாகத்தான் வரும். அதனால்தான் இருட்டில் தூரத்திலிருந்தே எது யார் வீடு என்று தெரிந்தது.

"சவுக்கும் வெளிநாட்டு மரம்தானே? கிறிஸ்துமஸ் மரமே ஜெர்மன்காரன் கொடுத்ததுதானே?" என்று ஒரு நண்பர் மடக்கினார். வாஸ்தவம். சவுக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் கடற்கரையில் தோப்பு தோப்பாக நட்டது ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று. அப்புறம் அது பந்தல் கால் ஆச்சு, சாரம் ஆச்சு, இன்றைக்குக் காகிதம் ஆகிறது. ஆரணிப் பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு நூல் கர்நாடகாவிலிருந்து வரும். ஜரிகை சூரத்திலிருந்து. யாராவது அதை சூரத் புடவை என்கிறோமா? தறியில் உட்கார்ந்து மிதித்தவன் ஊர்ப் பெயர்தான் அதற்கு. டின்னில் நட்ட சவுக்குக்கும் அதே நியாயத்தைக் கொடுங்கள் என்கிறேன்.

இன்னும் உள்ளூராகத்தான் வேண்டுமென்றால் செய்யாற்றுக்குப் பனை இருக்கிறது. திருவோத்தூர் வேதபுரீஸ்வரர் கோயிலில் ஆண்பனையைச் சம்பந்தர் பாடிப் பெண்பனையாக்கினார் என்பது தலபுராணம். குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை பின்னுகிற விரல்களுக்கு நட்சத்திரம் பின்ன வராதா?

நிஜமான வின்டேஜ் பைத்தியங்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ஐம்பது வருஷத்து லைட் செட் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம்ம பிளக்கில் நேராகச் செருகினால் பல்ப் வெடிக்கும், ஒயர் உருகும். பழைய பிளாஸ்டிக் மரங்களிலும் ஒயர்களிலும் ஈயம் உண்டு. நாளாக ஆகத் தூளாக உதிரும். குழந்தை தொட்டு வாயில் வைக்கும். நம்மூர் சீரியல் செட்டும் சாது இல்லை. ஒரு பல்ப் உடைந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே 230 வோல்ட்டும் காத்திருக்கும். காய்ந்த சவுக்கோ சீக்கிரம் பற்றும். அதனால் சவுக்கில் தைரியமாக எல்.இ.டி. மாட்டுங்கள். எல்.இ.டி., எல்.இ.டி. மாதிரியே இருக்கட்டும். மணலுக்குத் தினம் ஒரு சொம்பு தண்ணீர்.

நட்சத்திரப் போட்டி வைக்கிற சபைகளுக்கு ஒரு விண்ணப்பம். கடையில் வாங்கின நட்சத்திரத்துக்குப் பரிசு இல்லை என்று இந்த வருஷமே நோட்டீஸ் ஒட்டுங்கள். "எங்க பையனுக்கு ஹாஃப் இயர்லி எக்ஸாம் சார், செய்ய டைம் இல்லை" என்று பெற்றோர்கள் வருவார்கள். மைதாவும் மூங்கில் தப்பையும் அவர்கள் கையிலேயே கொடுத்து உட்காரவையுங்கள்.