கண்ணுக்கும் அளவு உண்டு!
கண்புரை ஆபரேஷனுக்கு முன் எந்தக் கருவி நல்லது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, வேலூர் வட்டாரத்தில் தோலும் ஷூவும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. கால் அளவு தெரியாமல் இங்கே யாரும் ஷூ தைப்பதில்லை. கண்புரை ஆபரேஷனும் அப்படித்தான். கண்ணின் அளவு தெரியாமல் லென்ஸ் வைக்கக் கூடாது.

1949-ல் லண்டனில் டாக்டர் ஹெரால்டு ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், அந்த லென்ஸை மலிவாகத் தயாரித்தது. ஏழைக்கும் லென்ஸ் கிடைத்தது. எந்தப் பவர் லென்ஸ் என்பதுதான் இப்போது கேள்வி.

அரை பவர் பிசகும்

அதற்கு முக்கியமாக இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, கண்ணின் நீளம். மற்றொன்று, கண்ணின் முன்னால் கண்ணாடி போல் இருக்கும் 'கார்னியா' படலத்தின் வளைவு. வளைவின் ஆரத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினால், சுமார் அரை பவர் பிசகிவிடும். தையல் இயந்திரத்தில் ஊசிமுனையைப் பார்த்துப் பிழைப்பவருக்கு அது சின்ன விஷயமா?

நான்கு கருவிகள்

கையால் திருப்பும் கெரட்டோமீட்டர் பழைய கருவி. பித்தளைச் சொம்பில் முகம் சிறிதாகத் தெரியும் அல்லவா? அதுபோல ஒளி வட்டங்கள் படலத்தில் சிறிதாகத் தெரியும். அதை வைத்து வளைவைக் கணக்கிடுவார்கள். விலை குறைவு. ஆனால், பழகிய கை வேண்டும்.

தானே அளக்கும் கெரட்டோமீட்டர் சில விநாடியில் எண்ணைச் சொல்லும். கண் அசைந்தால் எண் தவறும்.

மூன்றாவது, 1999-ல் ஜெர்மனியின் சைஸ் கம்பெனி கொண்டுவந்த வகை. ஒளியால் வளைவு, நீளம் இரண்டையும் கண்ணைத் தொடாமல் அளக்கும். விலை அதிகம். புரை மிகவும் முற்றிவிட்டால் இதனால் நீளத்தை அளக்க முடியாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

நான்காவது, படலம் முழுவதையும் வரைபடமாகக் காட்டும் கருவி. மற்றவை நடுப்பகுதியைத்தான் அளக்கும். இது மேடு பள்ளங்களையும் காட்டிவிடும்.

எது நல்லது?

சாதாரணக் கண்ணுக்கு முதல் மூன்றும் பெரும்பாலும் நெருங்கிய அளவையே தரும். முன்பு லேசர் சிகிச்சை செய்தவர்கள், கண்ணில் தழும்போ சதை வளர்ச்சியோ உள்ளவர்கள் ஆகியோருக்கு வரைபடம் அவசியம்.

கருவியைவிடக் கவனம் பெரிது. கண் காய்ந்திருந்தால் விலை உயர்ந்த கருவியும் தப்பான எண்ணைத்தான் தரும். முதலில் அதற்கு மருந்து போட வேண்டும். மரத்துப் போகும் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே வளைவை அளக்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், டாக்டர் சொல்லும் நாட்களுக்கு முன்பே அதைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு அளவுகள் ஒத்துப் போகாவிட்டால் மறுபடி அளக்க வேண்டும்.

வீட்டுப் பெரியவரை ஆபரேஷனுக்கு அழைத்துச் செல்கிறவர்கள் அவர் செய்யும் தொழிலையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "அளவு இரண்டு தடவை ஒத்துப்போனதா?" என்றும் கேட்கலாம். அளந்து தைத்த ஷூ காலைக் கடிக்காது. அளந்து வைத்த லென்ஸும் அப்படியே!