ஹிஸ்டரி எதுக்கு?

"பொண்ணு ஹிஸ்டரி படிக்கணும்கிறா. அதனால என்னங்க பிரயோஜனம்?" என்று போளூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

உங்க ஊர்ப் பக்கத்துத் திருமலையில், மலைமேல் பாறையிலே ராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது, அம்மா. 1024-ஐ ஒட்டியது. கங்கை வரை ராஜா ஜெயித்த நாடுகளாக அடுக்கிக்கொண்டே போகும். பாடப் புத்தகத்தில் வருவது அவ்வளவுதான். கடைசியில் பாருங்கள்: வியாபாரி நன்னப்பயன் மனைவி சாமுண்டப்பை, நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் வைத்தாள். கோயில் பெயரே குந்தவை ஜினாலயம்!

மெய்க்கீர்த்தி என்பது அரசன் தரப்புப் பேச்சு. தோற்றவன் வீட்டு அழுகை அதில் கேட்காது. யார் சொன்னது, எதுக்காக, யாரை விட்டுட்டு என்று கேட்கப் பழக்குகிற படிப்பு அது. பேப்பர் படிக்கவே அது வேணுமே! வாத்தியார் வேலை, தொல்லியல் துறை என்று பிழைப்புக்கும் வழியுண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றோடு பெண்ணைத் திருமலைக்குக் கூட்டிப் போங்கள். வெயில் ஏறுமுன் மலை ஏறிவிடுங்கள்.