கண் மருந்தில் கைத்துணிவு வேண்டா

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வலை வீசிப் பிழைப்போர் இல்லங்களில் இரண்டொரு வெள்ளாடுகளைக் காண்பது சாதாரணம். மீன்பாடு குன்றும் மாதங்களில் குடும்பத்துக்குக் கைகொடுப்பவை அவையே. அவற்றின் கண் சிவந்து, நீர் வடிந்து, பீளை கட்டி, கருவிழியில் வெண்பூப் படருமாயின், அக்குடும்பத்தின் சேமிப்புக்கே நோய் கண்டதாகும். நெசவாளர், விவசாயி அங்கத்தினர்களின் தொழுவங்களுக்கும் இது புதிதன்று.

அச்சமயம் நம்மவர் செய்வது என்ன? உப்பை மென்று கண்ணில் ஊதுவோர் சிலர். மற்றவரோ மருந்துக் கடைக்கு ஓடி, மனிதருக்குரிய கண் களிம்பை வாங்கிவந்து பிதுக்கி விடுகின்றனர். பின்னது நாகரிக வைத்தியம் போலத் தோன்றுவதால், அதன் அபாயம் எவர் கண்ணிலும் படுவதில்லை என்பதே நம் கவலை.

அவ்விதம் வாங்கப்படுபவற்றுள் ஒன்று குளோராம்பெனிகால். மனிதக் கண்ணுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்துதான். ஆயினும் பாலும் இறைச்சியும் தரும் பிராணிகளுக்கு அது ஆகாது. அரிதாகச் சிலருக்கு இம்மருந்தினால் எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஊறுவதே நின்றுவிடுகிறது. உணவில் இன்ன அளவு எச்சம் இருந்தால் தீங்கில்லை என்று வரையறுக்க இயலாமையால் பல நாடுகள் இதனை அறவே விலக்கிவிட்டன. இறால் குட்டைகளைக் கண்டறிந்த ஏரிக்கரையாருக்கு இது விளங்காத சங்கதியன்று. 2001, 2002ஆம் ஆண்டுகளில் ஆசிய நாட்டு இறாலில் இதன் எச்சத்தைக் கண்டு ஐரோப்பிய நாடுகள் சரக்கைத் தடுத்தன. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கென இதனைத் தயாரிப்பதையும் விற்பதையும் 2025இல் மத்திய அரசு தடை செய்தது. அந்நியர் உண்ணும் இறாலில் கூடாதென்ற பொருளை, நம் குழந்தைகள் அருந்தும் பாலுக்குள் நாமே அனுப்புவதா?

இதனினும் விரைவாகக் கேடு செய்வது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. சிவப்பைச் சீக்கிரம் தணிப்பதால் 'கைகண்ட மருந்து' என்று பெயர் வாங்கிவிட்டது. கருவிழியில் புண் இருக்கும்போது அதனை விட்டால் புண் ஆழ்ந்து விழியே உடைந்துபோகலாம். புண் உண்டா என்பதைக் கால்நடை மருத்துவர் ஒரு சாயச் சொட்டு விட்டுப் பார்த்தே துணிவார். புண்பட்ட இடம் பச்சையாகத் தெரியும். வெறும் பார்வைக்கு அது பெரும்பாலும் புலப்படாது.

மாட்டின் கண்ணோய்க்கு மொராக்செல்லா என்ற கிருமி முக்கிய காரணம். ஆட்டுக்கு மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா என்பவை. இவற்றுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்துகளையே மருத்துவர்கள் பெரிதும் நாடுவர். பெனிசிலின் மைக்கோபிளாஸ்மாவிடம் செல்லாது. வைக்கோல் துரும்பு குத்தியதற்கும், கண்ணில் புழு நெளிவதற்கும் களிம்பு மட்டும் போதாது. எந்த மருந்தாயினும் சொன்ன நாள்வரை இடுவதும், சொன்ன நாள்வரை பாலை உணவுக்கு எடுக்காதிருப்பதும் அவசியம். மருந்து கலந்த பால் சரிவரத் தயிராக உறையாது என்பதை வீட்டுப் பெண்மணிகள் அறிவர்.

நோயுற்ற ஆட்டைப் பிரித்து நிழலில் கட்டுங்கள். ஈ மொய்க்க விடாதீர்கள். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பின் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியின் உதவியைக் கோரலாம். ஆனால் மருத்துவர் எழுதித் தரும் மருந்தை வாங்கப் பணமில்லாமையால் கையில் கிடைத்ததை இடும் அங்கத்தினரும் உளர். அச்செலவில் ஒரு பகுதியைப் பொது நல நிதியிலிருந்து சங்கங்கள் ஏற்கலாகுமா என்பதை அடுத்த பொதுக்குழுவில் எழுப்பும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.