பிரேக் பிடிக்கலையா? கன்ட்ரோலரை விடுங்க, ஒயரைப் பாருங்க!

அமெரிக்காவில் கோடை வந்தால் போதும், பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். இதற்குப் பெயர் கேம்பர். நடுத்தர அளவு கேம்பர் ஒன்று சாமான்களோடு மூன்று டன் சுலபமாக வந்துவிடும். இந்த மூன்று டன்னை முன்னால் போகும் வண்டியின் பிரேக் மட்டும் நிறுத்துவதில்லை. கேம்பரின் சக்கரங்களுக்கும் தனியாக பிரேக் உண்டு. அது மின்சாரத்தில் வேலை செய்வது.

இந்த பிரேக் ஒரு நாள் சரியாகப் பிடிக்காமல் போனால் பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள்? ஓட்டுநரின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோலர் என்கிற சின்னப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். அதுவும் பிடிக்கவில்லையா? அதைவிட விலை கூடிய பெட்டி. தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற வேலை இது. கடைக்காரருக்கு லாபம், மெக்கானிக்குக் கூலி, பிரேக்குக்கு மட்டும் ஒன்றுமில்லை!

சரி, கொஞ்சம் பணம்தானே போச்சு என்று விட்டுவிட முடியாது. கொலராடோவில் டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டியதும் சில்வர்தார்ன் ஊர் வரைக்கும் கிட்டத்தட்ட 7 சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே தனிச் சரிவுப்பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இறக்கத்தில் கேம்பரின் பிரேக் பாதிதான் பிடிக்கிறது என்றால் மூன்று டன் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளும். முன் வண்டியின் பிரேக் சூடேறி வலுவிழக்கும். கேம்பர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தால் அதை நேராக்குவதற்குக் கையிலிருக்கும் ஒரே நல்ல ஆயுதம் கேம்பரின் பிரேக்கைத் தனியாகப் பிடிப்பதுதான். அந்த ஆயுதமே மொக்கையாக இருந்தால்?

இப்போது அந்த பிரேக்கின் உள்ளே பார்ப்போம். பெரிய ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சக்கர டிரம்மின் உள்ளேயும் ஒரு மின்காந்தம். மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் முகத்தில் போய் ஒட்டும், டிரம் அதை இழுக்கும், அது ஒரு கையை அசைக்கும், பிரேக் ஷூ விரியும். கன்ட்ரோலரிலிருந்து நீல ஒயர் வழியாக மின்சாரம் போகிறது, வெள்ளை ஒயர் வழியாகத் திரும்புகிறது. அந்த வெள்ளைதான் எர்த். அவ்வளவுதான்.

சாதாரண 10 அங்குல, 12 அங்குல பிரேக்குகளில் ஒரு காந்தத்தின் மின்தடை சுமார் 3.2 ஓம். இரண்டு ஆக்சில் கேம்பரில் நான்கு காந்தங்கள், எல்லாம் பக்க இணைப்பு. ஆக மொத்தம் 0.8 ஓம். ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறந்த ஓம் விதி இங்கேதான் உயிர் காக்கிறது. எர்த் இணைப்பில் களிம்பும் துருவும் ஏறி இன்னொரு 0.8 ஓம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் பாதியை அந்தத் துருவே சாப்பிட்டுவிடும். காந்தத்துக்கு 6 வோல்ட், மின்னோட்டம் பாதி, திறன் கால்வாசி! இந்த நிலையில் எந்தக் கம்பெனியின் கன்ட்ரோலரை மாட்டினாலும் 12 வோல்ட்டுக்கு மேல் அதனால் எங்கிருந்து கொண்டுவர முடியும்?

"மீட்டர் வைத்துப் பார்த்தாச்சு, 12 வோல்ட் வருது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காந்தத்தைக் கழற்றிவிட்டு ஒயரில் மட்டும் அளந்தால் வரத்தான் செய்யும். ஒயரில் ஒரே ஒரு செப்பு இழை மிச்சம் இருந்தால்கூட 12 வோல்ட் காட்டும். மின்னோட்டம் பாயும்போதுதான் அந்த இழையின் வண்டவாளம் தெரியும். மல்டிமீட்டரின் 'பீப்' சத்தமும் இதே மாதிரிதான். சில ஓம் தடை இருந்தாலும் அது பீப் அடிக்கும். இங்கே அரை ஓம் கூடினாலே ஆபத்து. விளக்கு எரிவதை வைத்து எர்த் நல்லா இருக்கு என்று முடிவு கட்டுவது இன்னொரு மோசம். எல்.இ.டி விளக்குக்கு வேண்டியது துளியூண்டு மின்சாரம். வெள்ளை ஒயரே அறுந்திருந்தாலும், வண்டியும் கேம்பரும் சேரும் இரும்புக் குண்டின் தொடுப்பிலேயே அது எரிந்துவிடும். பழைய பல்பாவது மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்தது!

அதற்காகக் கேம்பர் வைத்திருப்பவரை மட்டும் குறை சொன்னால் அது நியாயமில்லை. அந்த ஒயரை இப்படிப் போட்டுக் கொடுத்தது யார்? அமெரிக்கக் கேம்பர்களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. வண்டிக்கு உள்ளே பளபளக்கும் அலமாரியும் டிவியும் வைக்கிறார்கள். வண்டிக்கு அடியில், மழையும் சேறும் உப்பும் நேராக அடிக்கும் இடத்தில், பல வண்டிகளில் பிரேக் ஒயரை மூடாத கிரிம்ப் வைத்து நெருக்கி விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒயரை ஆக்சில் குழாய்க்குள்ளேயே தொங்கவிட்டு இழுக்கும் வழக்கமும் உண்டு. வண்டி குலுங்கக் குலுங்க ஒயர் இரும்பில் உரசும், தோல் உரியும், ஒரு நாள் ஷார்ட் ஆகும். வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் தெரியாது.

ஒயரின் தடிமனும் அப்படியே. முன்னிருந்து ஆக்சில் வரை போக வர 50 அடி என்றால், 16 கேஜ் ஒயரின் தடை சுமார் 0.2 ஓம். நான்கு காந்தம் இழுக்கும்போது 2.4 வோல்ட் வழியிலேயே காலி. அதே தூரத்துக்குத் தடித்த 10 கேஜ் போட்டால் முக்கால் வோல்ட்கூடப் போகாது. விலை வித்தியாசம் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசு இருக்கும். பல்லாயிரம் டாலர் வண்டியில் மிச்சம் பிடிப்பதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

சட்டம் என்ன செய்கிறது? ஊசி போகிற இடம் பார்த்து உலக்கை போகிற இடத்தை விட்டுவிட்டது. டிரெய்லரின் விளக்கு எங்கே, எந்த நிறத்தில், எவ்வளவு பிரகாசத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 108-ஆம் எண் ஃபெடரல் தரம் விலாவாரியாக இருக்கிறது. காற்று பிரேக் உள்ள பெரிய டிரெய்லர்களுக்கு 121 இருக்கிறது. கேம்பரின் மின் பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சொல்லும் ஃபெடரல் தரம் கிடையாது. பல மாநிலங்கள் 3,000 பவுண்டுக்கு மேல் பிரேக் கட்டாயம் என்கின்றன. ஆனால் அது வேலை செய்கிறதா என்று வருடாவருடம் பார்ப்பதற்குப் பல இடங்களில் ஆளில்லை. டெக்சாஸ் 2025 ஜனவரியிலிருந்து சொந்த உபயோக வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனையையே நிறுத்திவிட்டது.

கன்ட்ரோலர் கெட்டே போகாதா என்று கேட்கலாம். போகும். பிரேக் ஷூ தேயும், அதில் கிரீஸ் ஒழுகும், காந்தமும் தேயும். ஆனால் எதையும் அளக்காமல் விலை கூடிய பொருளை முதலில் மாற்றுவதுதான் இங்கே தப்பு. சரியான வரிசை இதுதான்:

1. கேம்பரின் பிளக்கை வண்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். கேம்பர் தனியாகக் கழன்று ஓடினால் தானே பிரேக் பிடிப்பதற்காக முன்பக்கம் ஒரு அவசர சுவிட்ச் இருக்கும். அதன் ஊசியை உருவினால் கேம்பரின் சொந்த பேட்டரியே பிரேக்கை இயக்கும். ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். சில நிமிடங்களுக்கு மேல் அப்படியே விடக்கூடாது, காந்தம் சூடாகும்.

2. ஊசி உருவிய நிலையிலேயே, சுவிட்சைத் தாண்டி ஆக்சிலுக்குப் போகும் நீல ஒயரில் டிசி கிளாம்ப் மீட்டர் மாட்டி ஆம்ப் பார்க்க வேண்டும். (சாதாரண மல்டிமீட்டரில் பார்த்தால் அதன் 10 ஆம்ப் ஃபியூஸ் போய்விடும்.) ஒரு காந்தத்துக்குச் சுமார் 3 ஆம்ப். நான்குக்கு 12. ஒன்பதுதான் வருகிறதா? ஒரு காந்தமோ அதன் ஒயரோ போச்சு. ஆறேழுதான் வந்து, ஆனால் எல்லாச் சக்கரமும் லேசாகப் பிடிக்கிறதா? பொதுவான இணைப்பிலோ எர்த்திலோ துரு. ஃபியூஸ் எகிறுகிறதா? முதல் சந்தேகம் ஆக்சில் குழாய்.

3. மின்சாரம் பாயும்போதே பேட்டரியின் நெகட்டிவுக்கும் காந்தத்தின் எர்த் ஒயருக்கும் நடுவே வோல்ட் அளக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி எர்த் பக்கம்தான்.

4. இது எல்லாம் சரியாக இருந்தால் பிளக்கின் பின்களையும் முன் வண்டியின் ஒயரையும் பார்க்க வேண்டும். கன்ட்ரோலர் அதற்கும் அப்புறம், கடைசியில்.

இதற்கு ஒரு மதிய நேரம் போதும். துரு பிடித்த இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு, பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடி, ஆக்சில் குழாய்க்குள் போகும் ஒயரைக் கைவிட்டு வெளியே புது ஒயர் இழுத்து கிளிப் போட்டால் வேலை முடிந்தது. புதுக் கன்ட்ரோலரின் விலையில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்கு முன்னால் பெட்டியை மாற்றிவிட்டு மலை ஏறுகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பளிச்சென்று எண் காட்டும் அந்தப் பெட்டி பிரேக் பிடிப்பதில்லை. பிரேக் பிடிப்பது சக்கரத்துக்குள்ளே இருக்கும் காந்தம். அதற்கு மின்சாரம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்காதவரை, மாட்டியிருப்பது புதுப் பெட்டி, இழுத்துப் போவது பிரேக் இல்லாத வீடு.