முத்திரையில்லாத தராசு

சேலத்தை அடுத்த ஆட்டையாம்பட்டியின் முறுக்குக் கடையில் கால் கிலோ நிறுத்துக் கொடுக்கும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும், தவறினால் அபராதம். அதே ஊரில் ஒருவர் சில ஆயிரம் ரூபாய்க்குக் காற்றின் தூசியை அளக்கும் கருவி வாங்கிச் சுவரில் மாட்டினால், அதற்கு முத்திரை இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. இந்தக் கருவிகள் மலிந்துவரும் வேளையில் இது பெரிய ஆபத்து என்றே கருதுகிறோம்.

மலிவுக் கருவி தூசியை நிறுப்பதில்லை. சிறு விசிறி இழுக்கும் காற்றில் லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்து எடையை ஊகிக்கிறது. மார்கழிப் பனியில் துகள்கள் ஈரம் குடித்து உப்பும். எண் தாறுமாறாக ஏறும். கல் குவாரி, கிரஷர் தூசியில் நிலைமை தலைகீழ். அந்தப் பெரிய துகள்களை இவ்வகைக் கருவிகளில் பல சரியாகப் பார்ப்பதே இல்லை. அவை காட்டும் 'பிஎம் 10' (பெரிய துகள்களையும் சேர்த்த அளவு) பெரும்பாலும் சிறு துகள்களை வைத்துப் போட்ட கணக்கு. கொடியில் காயும் துணி வெளுத்துப்போகும் அளவுக்குத் தூசி படியும் வீட்டிலும் திரை 'காற்று நலம்' என்று பச்சை காட்டக்கூடும். இதுதான் நம்மை அச்சுறுத்துகிறது. நாளை அந்த வீட்டார் மனுக் கொடுத்தால், பச்சைத் திரையே அவர்களுக்கு எதிரான சாட்சியாகும். சிவப்புக் காட்டினாலோ, "அளவுத்திருத்தம் செய்யாத கருவி" என்ற ஒரே வரியில் மனு தள்ளப்படும்.

விறகடுப்பின் முன் நாள்முழுதும் முறுக்குச் சுடும் பெண்களின் நிலை இன்னும் மோசம். எண்ணெய்ப் புகையும் விறகுப் புகையும் கலந்த காற்று வேறு வகை. தொழிற்சாலையில் வேறேதோ தூசியைக் கொண்டு திருத்திய கருவி அதை எப்படிச் சரியாக அளக்கும்?

வழி தெரியாத விஷயமல்ல இது. மும்பை வட்டாரத்தில் மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஐஐடி கான்பூரும் 2020 நவம்பர் முதல் 7 மாதங்கள், 15 கண்காணிப்பு நிலையங்களில் மலிவுக் கருவிகளைத் தரமான கருவிகளுக்குப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுத் திருத்தின. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, ஈரப்பதத்தைக் கணக்கில் கொண்ட திருத்தச் சூத்திரம் ஒன்றை வகுத்த பிறகே, மக்கள் வீடுகளில் மாட்டிய கருவிகளின் அளவைக் காட்டுத்தீப் புகை வரைபடத்தில் சேர்த்தது. சென்னையில் ஐஐடி மெட்ராஸ், வாகனங்களில் மலிவுக் கருவிகளைப் பொருத்திக் காற்றை அளக்கும் 'காற்று' திட்டத்தை நடத்துகிறது.

அந்த அக்கறை நம் பக்கம் எட்டவில்லை. தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி உண்டு, சேலம் இல்லை. சேலம் சோனா கல்லூரி வளாகத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆட்டையாம்பட்டி அடுப்படிப் புகை அதற்கு எப்படித் தெரியும்?

அந்த நிலையத்து மொட்டைமாடியை வாரியம் திறந்துவிட வேண்டும். கருவி வைத்திருக்கும் பள்ளியோ பேரூராட்சியோ அதை அங்கே சில வாரம் வைத்து ஒப்பிட்டு, திருத்தக் கணக்கோடு எடுத்துப்போகட்டும். கோடையில் ஒருமுறை, பனியில் ஒருமுறை. லேசரும் விசிறியும் தேய்வதால் ஆண்டுதோறும் மீண்டும். கிரஷர் பகுதிகளிலும் முறுக்குக் கூடங்களிலும் வடிதாளில் தூசி பிடித்து நிறுக்கும் கருவியை வாரியமே கொண்டுவந்து வைக்க வேண்டும். அடுத்த மார்கழிக்குள் முதல் கருவி அந்த மாடி ஏறியாக வேண்டும்.