பொதியின் மேல் யாருடைய பெயர்?

உற்பத்தி, விலை, இடம், மேம்படுத்தல் என்ற சந்தைக் கலவையின் நான்கு கூறுகளையும் வர்த்தகப் பிரிவு மாணவிகளாகிய நாம் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். பரீட்சை முடிந்ததும் அந்தக் கொப்பியை மூடிவிடுகிறோம். வணிகக் கல்வி நமது வீட்டுக் குசினிக்கும் உரிய பாடம் என்பதே என் கருத்து.

போட்டியில் வெல்வதற்கு மூன்று பொது உபாயங்கள் உள்ளன என்று மைக்கல் போர்ட்டர் 1980இல் எழுதினார். மற்றவர்களைவிடக் குறைந்த செலவில் உற்பத்தி செய்வது ஒன்று. மற்றவர்களிடம் இல்லாத தனித்தன்மையைக் கொடுப்பது இரண்டாவது. சந்தையின் ஒரு சிறு பகுதியில் மட்டும் கவனம் செலுத்துவது மூன்றாவது.

இரண்டாவது உபாயத்துக்கு நமது நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. இலங்கைத் தேயிலை நீண்ட காலமாகப் பெரும்பாலும் மொத்தமாகவே கப்பலேறியது. வெளிநாட்டுக் கம்பனிகள் அதைப் பிற நாட்டுத் தேயிலைகளோடு கலந்து தமது பெயரில் விற்றன. நமக்குக் கிடைத்தது மூலப்பொருளின் விலை மட்டுமே. 1950களில் லண்டனில் தேயிலைப் பயிற்சி பெற்ற மெரில் ஜே. பெர்னாண்டோ இதை நேரில் கண்டார். 1980களில் தன் மகன்மாரான டில்ஹான், மாலிக் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்து 'டில்மா' என்று பெயரிட்டு, இலங்கையிலேயே பொதி செய்த தேயிலையை ஆஸ்திரேலியச் சந்தைக்குக் கொண்டு சென்றார். விளைந்த மண் அதேதான். பெயர் இம்முறை விளைவித்தவருடையது.

இதைப் படிக்கும்போது நமது ஊர் உம்மாமாரைத்தான் நான் நினைக்கிறேன். சுபஹுக்கு முன்பே எழும்பி ரோல்ஸ், சமோசா, வட்டிலப்பம் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். கடைக்காரர் சொல்வதே விலை. சாப்பிடுபவர் "அந்தக் கடை ரோல்ஸ் நல்லம்" என்கிறார். செய்த கையின் பெயர் எவருக்கும் தெரியாது. அன்று மொத்தமாகக் கப்பலேறிய தேயிலையின் நிலையும் இதுதான்.

பக்கத்து வீட்டவர் ஐந்து ரூபாய் குறைத்தால் இவரும் குறைக்கிறார். இயந்திரம் வைத்து ஆயிரக்கணக்கில் செய்பவருக்கே அந்த உபாயம் பொருந்தும். நேர் மூலப்பொருள், நேர் கூலி, மேந்தலை மூன்றும் சேர்ந்ததே கிரயம் என்று கணக்கீட்டில் படிக்கிறோம். உம்மா மாவுக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் பார்க்கிறார். கேஸைப் பாதி மறந்துவிடுகிறார். தன் கூலியை எழுதுவதே இல்லை. அந்த மலிவு முழுவதும் அவர் இலவசமாகக் கொடுத்த உழைப்பு.

கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. 'இடம்' என்ற கூறு அவர்களிடம்தான் இருக்கிறது. அதற்குரிய பங்கு அவர்களுக்கு வேண்டும். ஆனால் பொதியில் ஒரு பெயர் இருந்தால், நாளை வேறு கடைக்குப் போனாலும் வாடிக்கையாளர் தேடி வருவார். விலை பேசும் பலமும் வரும். தனி வியாபாரத்தைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். வர்த்தகக் குறியைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்தால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் அதைப் பாதுகாக்கும். பெயரோடு பொறுப்பும் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. பழுதான ஒரு பொதி போதும், பெயர் கெட்டுவிடும்.

"பெண்பிள்ளையின் பெயர் கடைத்தெருவில் எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கலாம். வர்த்தகப் பெயருக்கு முகமும் புகைப்படமும் தேவையில்லை. வீட்டின் பெயரே போதும். அன்னை கதீஜா (ரழி) அவர்களை மக்காவின் வணிகராக வரலாறு பெயர் சொல்லியே அறிமுகப்படுத்துகிறது.

தோழிகளே, இந்த விடுமுறையில் உம்மாவுடனோ சாச்சியுடனோ உட்கார்ந்து ஒரே ஒரு பக்கக் கிரயக் கணக்கு எழுதுங்கள். கூலி என்ற வரியை வெறுமையாக விடாதீர்கள். அடுத்ததாக, பொதிக்கு என்ன பெயர் வைப்பது என்று அவரிடமே கேளுங்கள்.